பத்தொன்பது நாள்

என் அக்காவைப் பண்ணையில் எல்லோரும் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அவள் செய்தது அந்த ஒரு வேலையைத்தான். முதலில் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில், மணிக்கு ஆயிரம் குஞ்சு என்று கழுத்தில் குத்தி அனுப்பினாள். பிறகு இந்தச் செம்மறிப் பண்ணைக்கு வந்தாள். அவள் குத்தினால் ஆடு திரும்பிக்கூடப் பார்க்காது. குத்துவதற்கு முன் கழுத்தில் இரண்டு விரலால் லேசாகத் தட்டுவாள். ஆடு அந்தத் தட்டலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். நான் அதே பண்ணையில் பதிவேடு எழுதுகிறவள். எனக்குக் கையில் நிதானம் கிடையாது, வாய்தான் நீளம். அவளுக்கும் சேர்த்து நானே சண்டை போட்டுவிடுவேன்.

வேலை முடிந்ததும் காலிப் புட்டிகளை வரிசையாக நிறுத்தி, ஆட்டுத் தலைகளோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும். ஒருமுறை கணக்கில் ஒரு தலை குறைந்தது. மழையில் குடைகூட இல்லாமல் போய், வேலி ஓரம் ஒளிந்திருந்த ஒரு கிழட்டு ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்துவந்து குத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். மாமா, அதாவது அவள் புருஷன், கல்யாணமான புதிதில் தன்னையும் எண்ணிப் பார்த்துத்தான் வீட்டுக்குள் விட்டாள் என்று சொல்லிச் சிரிப்பார். இப்படிப்பட்டவள் ஒரு பொய் சொன்னாள். அதை எழுதினவள் நான்.

அந்த வருடம் முதலாளி புது மருந்து ஒன்றை வரவழைத்தார். நூற்றறுபது தாய் ஆடுகள். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு குட்டிதான் போட்டுக்கொண்டிருந்தன. இரட்டைக் குட்டி வேண்டும் என்பது அவருக்குப் பல நாள் ஆசை. மருந்து என்ன செய்யும் என்று அவருக்குக் கால்நடை டாக்டர் அரைமணி நேரம் விளக்கினார். எங்களுக்கு அக்கா அரை நிமிடத்தில் விளக்கினாள். ஆட்டின் உடம்பில் ஒரு ஹார்மோன் இருக்கிறது. ஒரு முட்டை போதும், ஒன்றே போதும் என்று சினைப்பையை அதட்டிக்கொண்டே இருப்பது அதன் வேலை. இந்த ஊசி அந்த ஹார்மோனையே எதிரி என்று உடம்புக்குக் காட்டிக்கொடுக்கும். உடம்பு அதை மடக்கிப் போடும். அதட்ட ஆள் இல்லாததால் இரண்டு முட்டை வரும்.

ஆனால் நாள் கணக்கு கறாரானது. முதல் ஊசி போட்டு நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி. அதற்குப் பிறகு நான்கு வாரம் கழித்துத்தான் கிடா. நெருக்கடி என்றால் மூன்று வாரம், அதற்குக் கீழே போகவே கூடாது. இரண்டாவது ஊசி போட்ட சூட்டில் ஆட்டின் உடம்பு கொதிநிலையில் இருக்கும், சினைப்பருவமே தட்டிப்போகலாம். அதனால் கிடாக்கள் நான்கையும், வாசனைகூட எட்டாத தூரத்தில், பண்ணையின் மறுகோடியில் கட்டிவைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் கிடாக்காரர் என்போம். நல்ல மனிதர். சிக்கனத்தில் மட்டும் கொஞ்சம் அதிகம்.

முதல் ஊசி சொன்ன நாளில் நடந்தது. இரண்டாவது, ஏழாம் தேதி போட வேண்டும். முந்தின வாரம் கரண்ட் போய்ப் போய் வந்தது. மருந்து கெட்டுவிடக் கூடாதே என்று அக்கா குளிர்ப்பெட்டியின் குளிர் கூட்டும் திருகைக் கடைசி வரை திருப்பி வைத்தாள். பிறகு கரண்ட் சீராக வர ஆரம்பித்தது; திருகை மறந்துவிட்டாள். ஏழாம் தேதி காலையில் திறந்தால் அத்தனை புட்டியும் கல்லாக உறைந்து கிடந்தன. உறைந்த மருந்து தண்ணீருக்குச் சமம். அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

முதலாளி அப்போது முழங்கால் அறுவை செய்துகொண்டு மருத்துவமனையில் படுத்திருந்தார். அவரிடம் போனில் சொல்லலாம் என்றாள். சொன்னால் உன்னை இனி மருந்துப் பக்கமே விடமாட்டார் என்று நான்தான் தடுத்தேன். மருந்துக் கடைக்காரரைக் கெஞ்சி, அவள் கைக்காசில் மாற்று மருந்து வந்து சேர ஒன்பது நாள் ஆனது. பதினாறாம் தேதி, நானும் அவளும் மட்டுமாக, ஆடுகளை ஒடுங்கிய கம்பி வழியில் ஒவ்வொன்றாக விட்டுக் குத்தி முடித்தோம். புட்டிகளை எண்ணினாள். சரியாக இருந்தது. பதிவேட்டில் என்ன தேதி எழுதுவது என்று நான் கேட்டபோது அவள் ஒரு காலிப் புட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். ‘ஏழு’ என்று எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கிடாவை விடும் நாளையாவது தள்ளிப்போடலாம் என்று பார்த்தோம். முதலாளி ஊன்றுகோலோடு வந்து இறங்கியவர், அட்டவணையில் போட்டபடி ஐந்தாம் தேதியே விட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். குட்டிகள் புல் முளைக்கும் பருவத்தில் விழ வேண்டுமாம். ஏன் தள்ள வேண்டும் என்று அவர் கேட்டதும் நான் ஐந்தாம் தேதி என்றே எழுதிக்கொண்டேன். இருபத்தெட்டு நாள் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

கிடாவின் நெஞ்சில் ஒரு வாரைக் கட்டி, அதில் சிவப்புச் சாயக்கட்டி ஒன்றைச் செருகிவிடுவார்கள். கிடா எந்த ஆட்டின் மேல் ஏறினாலும் அதன் முதுகில் சாயம் ஒட்டும். எத்தனை ஆடு பருவத்துக்கு வந்தது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் சொல்வது. பதினேழு நாளில் ஆட்டின் பருவம் ஒரு சுற்று முடியும். ஒழுங்காக நடந்தால் அதற்குள் பட்டியே சிவந்துபோயிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் இரண்டு ஆடு. எட்டாம் நாள் ஒன்பது. குளிர்காலத்து மூடுபனியில், விடியும்போதே அக்கா வேலி ஓரம் போய் நின்றுவிடுவாள். நான் வேலைக்குப் போகும்போது அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைப் பார்த்ததும் விரலை மட்டும் காட்டுவாள். இரண்டு விரல், ஒரு விரல், சில நாள் வெறும் கை. கிடாக்கள் ஏறத்தான் ஏறுகின்றன என்று கிடாக்காரர் அடித்துச் சொன்னார். பனியில் உங்களுக்கு எது தெரியுது என்று முதலாளி மடக்கினார். மனிதர் வாயைவிட சாயத்தைத்தான் அவர் நம்பினார். பதினேழாம் நாள் எண்ணினால் நூற்றறுபதில் இருபத்திரண்டு.  அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஏன் என்று மாமா கேட்டதற்கு, பல் வலி என்றாளாம்.

முதலாளி டாக்டரை வரவழைத்தார். தீனிக் கிடங்கில் தரை தெரிய ஆரம்பித்திருந்தது. மலட்டு ஆடுகளைக் கட்டித் தீனி போட அவருக்கு மனசு இல்லை; கறிக்கு எடுப்பவரிடம் பேசி, சனிக்கிழமை காலையில் லாரிக்குச் சொல்லிவிட்டார். டாக்டர் என் பதிவேட்டை வாங்கி, விரலை விட்டு நாள் எண்ணினார். நானும் அக்காவும் கதவோரம் நின்றிருந்தோம்.

“இருபத்தெட்டு நாள் விட்டிருக்கீங்க. இடைவெளி சரியாத்தான் இருக்கு. அப்புறமும் பருவத்துக்கு வரலைன்னா எனக்குப் புரியல. இருபது நாளுக்குள்ள கிடாவை விட்டிருந்தா, இந்தச் சுற்று போனா போகுது, அடுத்த சுற்றுல சரியாயிடும், காத்திருங்கன்னு சொல்லுவேன். இப்ப எந்த தைரியத்துல சொல்றது?”

 அக்காவின் கை என் முழங்கையை இறுக்கியது. நகம் பதிந்தது.

வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்து அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். ஆடு போனால் ஆட்டோடு போகும். உண்மை வெளியே வந்தால் நீ போவாய். மகள் பத்தாம் வகுப்பு. மாமா ஓட்டுகிற பள்ளி வேன் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. இந்த வட்டாரத்தில் எந்தப் பண்ணையும் உன்னை ஊசி தொட விடாது. இப்படி அடுக்கினேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அவள் குழாயைத் திறந்து கை கழுவினாள், மூடினாள், மறுபடி திறந்து கழுவினாள்.

“நூத்தி முப்பத்தெட்டுடி,” என்றாள். சாயம் ஒட்டாத ஆடுகளின் எண்ணிக்கை அது.

சனிக்கிழமை காலை லாரி வந்து பின்பக்கமாக ஒதுங்கி நின்றது. சாய்பலகையை இறக்கினார்கள். ஆடுகளுக்கு எங்கே போகிறோம் என்று தெரியுமா, முன்னால் ஒன்று ஏறினால் பின்னால் பத்து ஏறும். பதினான்கு ஏறிவிட்டன. முதலாளி ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். நான் பதிவேட்டை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில். அக்கா அன்றைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். வந்தாள். நேராகப் போய் சாய்பலகையின் குறுக்கே நின்றாள். ஏற வந்த ஆடு அவள் முழங்காலில் முட்டி நின்றது.

“இறக்கச் சொல்லுங்க சார். ரெண்டாவது ஊசி ஏழாம் தேதி போடல. மருந்து உறைஞ்சுபோச்சு. என் தப்பு. பதினாறாம் தேதிதான் போட்டேன். பத்தொன்பது நாள்தான் ஆயிருந்துச்சு. அடுத்த சுற்றுல இதுங்க பருவத்துக்கு வந்துடும். டாக்டரையே கேளுங்க.”

லாரிக்காரர் இன்ஜினை அணைத்தார். முதலாளி எழுந்திருக்க முயன்று, கால் வராமல், உட்கார்ந்தார்.

“பதிவேட்டுல ஏழுன்னு இருக்கே?”

“நான்தான் அப்படி எழுதிட்டேன்.”

நான்தான் என்றாள். பக்கத்தில் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். நீளமான என் வாய், நூறு சண்டை போட்ட வாய், அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. டாக்டருக்கு போன் போட்டார். இரண்டு நிமிடம் கேட்டார். பிறகு பதினான்கு ஆட்டையும் இறக்கச் சொன்னார். கடைசி ஆடு இறங்கியதும், அக்காவைப் பார்த்து, சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அவள் குளிர்ப்பெட்டிச் சாவியை அவர் ஸ்டூலின் ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. அக்கா முட்டை அடுக்கும் கிடங்கில் தினக்கூலிக்குப் போனாள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் சம்பளத்தை வாங்கினேன். என்னைப் பற்றி அவள் மாமாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வீட்டுக்குப் போனால் வழக்கம்போல டீ போட்டுக் கொடுப்பாள். ஆடு எத்தனை என்று மட்டும் கேட்பாள். அடுத்த சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத்தானே எல்லாவற்றையும் கொடுத்தாள்.

அடுத்த சுற்றிலும் சாயம் ஏறவில்லை. முதல் வாரம் மூன்று ஆடு. இரண்டாம் வாரம் நான்கு. சுற்று முடிந்தபோது புதிதாக ஒன்பதே ஒன்பது. அதை அவளிடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. மாமா மூலமாகச் சொல்லி அனுப்பினேன். முதலாளி என் காது படவே, அவ பேச்சைக் கேட்டு அரை மாசத் தீனியை மண்ணில் கொட்டினேன் என்று எரிந்து விழுந்தார். மறுபடி லாரிக்குச் சொல்லப் போனார். வயிற்றை ஸ்கேன் செய்யாமல் ஒரு ஆட்டையும் அனுப்பாதீர்கள் என்று டாக்டர் மன்றாடி நிறுத்தி வைத்தார். கிடா விட்டு அறுபதாம் நாள் ஸ்கேன் என்று முடிவானது. ஸ்கேன் முடிந்த மறுநாள் லாரி.

அந்த அறுபதாம் நாள் காலையில் டாக்டர் சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டியை மேசையில் வைத்து, முதல் ஆட்டின் அடிவயிற்றில் கருவியை அழுத்தினார். நான் பேனாவோடு தயாராக இருந்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளினார், கீழே இறக்கினார்.

“ரெண்டு,” என்றார்.

அடுத்தது. “ரெண்டு.” அடுத்தது. “ஒண்ணு.” நான் எழுதிக்கொண்டே போனேன்.  முப்பதாவது ஆட்டில் முதலாளி ஊன்றுகோலைப் போட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதியம் முடிந்தபோது கணக்கு இதுதான்: வெறும் வயிறு பதினொன்று, ஒற்றை ஐம்பத்திரண்டு, இரட்டை தொண்ணூறு, மூன்று குட்டி உள்ளவை ஏழு.

அப்படியானால் சாயம்? கிடாக்காரர் ஒரு கிடாவின் வாரிலிருந்து சாயக்கட்டியை உருவிக்கொண்டு வந்தார். நகத்தால் சுரண்டினார், வரவில்லை. சுவரில் தேய்த்தார், கீறல்தான் விழுந்தது. வெயில் காலத்துக்கு என்று கெட்டியாகச் செய்த கட்டி அது. வெயிலில் சீக்கிரம் உருகாமல் நாள்பட வரும் என்று அந்த வகையை மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறார். குளிரில் அது கூழாங்கல்லாக இறுகி, ஏறின கிடாவின் சாட்சியே இல்லாமல் போய்விட்டது. ஒரு கட்டியை ரெண்டு மாசம் ஓட்டினேன் என்று தான் பெருமைப்பட்டதை அவரே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளிக்குத் திட்டக்கூட நேரமில்லை. அவர் டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டிகளின் அளவை வைத்துப் பார்த்தால் எல்லாம் முதல் சுற்றிலேயே பிடித்தவை என்றார் டாக்டர். அதாவது, லாரியில் ஏறிய அந்தப் பதினான்கும் அன்றைக்கே சினை. 

முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

“உங்க அக்கா அன்னைக்குச் சொன்னது பொய். பத்தொன்பது நாள்ல விட்டிருந்தா முதல் சுற்றுல பிடிச்சிருக்காதுன்னு டாக்டரே சொன்னாரே. பதிவேட்டுல இருக்கறதுதான் சரி. லாரியை நிறுத்தணும்னு தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டா. அவளை வரச் சொல்லு. இன்னைக்கே.”

நான் ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். முட்டைக் கிடங்கில் அவள் அட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கையைச் சொன்னதும் அப்படியே தட்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு அவர் நினைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். நிமிர்ந்தாள்.

“அப்ப, நான் பொய் சொன்னேன்னு நினைச்சுத்தான் கூப்பிடறாரா?”

நினைத்துக்கொண்டு போகட்டும், உனக்கு என்ன நஷ்டம் என்றேன். அவர் வாயாலேயே பதிவேடு சரி என்கிறார், இத்தனை நாள் கழித்து ஒரு நல்லது தானாக வாசலுக்கு வருகிறது, அதைப் போய்த் திருத்தாதே என்றேன். அவள் கை கழுவிக்கொண்டு என்னோடு வந்தாள். வழி முழுக்க நான் பேசினேன். 

முதலாளி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“அன்னைக்கு நான் சொன்ன நாள் நிஜம் சார். பதினாறாம் தேதிதான். ஏன் சினை பிடிச்சதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அடுத்த வருஷம் இதே ஆடுங்களுக்குத் திரும்ப ஊசி போடணும். அப்ப இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பாங்க. அதுல ஏழுன்னு இருக்கக் கூடாது.”

பத்தொன்பது நாளிலும் சில மந்தைகள் தாங்கிவிடும், எல்லா உடம்பும் ஒரே மாதிரி கொதிக்காது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். முதலாளியின் மலர்ச்சி இறங்கிக்கொண்டே வந்தது.  கடைசியில் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவையும் வைத்தார்.

“நீதானே எழுதினே. நீயே அடிச்சு, நீயே எழுது.”

அவள் பேனாவை எடுத்தாள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக என் எழுத்து. அவள் எழுத்து குச்சி குச்சியாக இருக்கும். பக்கத்தில் விழுந்தால் குருடருக்கும் தெரிந்துவிடும். அவளுக்கும் அது தெரியும். என்னைத் திரும்பிப் பார்க்காமல், பேனா மூடியைக் கழற்றினாள்.

நான் அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன்.

“அதை எழுதினது நான் சார். முதலாளிகிட்ட சொல்லாதேன்னு தடுத்ததும் நான்தான்.”

அவர் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“அப்ப அன்னைக்கு லாரிகிட்ட ஒரு பொய் சொல்லத்தான் செஞ்சிருக்கா,” என்றார்.

ஆமாம். ஆடுகளுக்காக இல்லை, எனக்காக. நாற்பத்தொரு நாளாக அந்தப் பொய்யின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.  அவர் குளிர்ப்பெட்டிச் சாவியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்து, நாளைக்கு வந்து இரட்டை ஆடுகளைப் பிரித்துத் தனித் தீனி போட ஏற்பாடு செய்யச் சொன்னார். பதிவேட்டை இனி அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ‘ஏழு’ என்பதை அடித்தேன். அக்கா என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, “பதினாறு” என்றாள். எழுதினேன்.